விளக்கணையாத பெட்டி

இரவு பத்து மணி தாண்டிவிட்டது. பெட்டியில் ஒரு விளக்குகூட அணையவில்லை. விடியும்வரை அணையப் போவதும் இல்லை. மூன்று பேர் உட்காரும் இருக்கையின் நுனியில் நான்காவதாக ஒருவர் ஒண்டியிருக்கிறார். எதிரெதிரே உட்கார்ந்தவர்களின் முழங்கால்கள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. நடைவழியில் மூடி போட்ட பெயின்ட் வாளி மீது ஒருவர் உட்கார்ந்திருக்க, அவர் முதுகில் சாய்ந்து இன்னொருவர் கண் அயர்கிறார். இருக்கைக்கு அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு ஆள் படுத்திருப்பது, அவருடைய கால் வெளியே நீளும்போதுதான் தெரிகிறது. இத்தனைக்கும் நடுவே ஒரு தள்ளுவண்டி வருகிறது. பீர், குளிர்பானம், தண்ணீர், வேர்க்கடலை, விதை, டின் கஞ்சி என்று ஒரே மூச்சில் ராகமாக அடுக்கிவிட்டு, காலைக் கொஞ்சம் மடக்கச் சொல்கிறார் விற்பனையாளர். யார் காலை எங்கே மடக்குவது? ஆனாலும் வண்டி போய்விடுகிறது. அது போன இடத்தில் மனிதர்கள் மறுபடியும் கூடிக்கொள்கிறார்கள்.

சீனாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காத பெட்டி இது. அவர்களுக்குக் கிடைப்பது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் அதிவேக ரயில். 2008 ஆகஸ்டில் பெய்ஜிங்குக்கும் தியான்ஜினுக்கும் இடையே மணிக்கு 350 கி.மீ. வேகத் தடம் திறக்கப்பட்டது. அங்கிருந்து வளர்ந்த அந்த வலைப்பின்னல் 2024 முடிவில் 48,000 கிலோமீட்டரைத் தொட்டது. அதன் நிழலில் பழைய ரயில்களும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. வண்டி எண்ணுக்கு முன்னால் ஜி, டி, சி என்று எழுத்து இருந்தால் வேக ரயில். இஸட், டி, கே என்று இருந்தால் பழைய பாணி நெடுந்தூர வண்டி. இரண்டு பட்டியலிலும் தமிழில் ஒரே மாதிரி ஒலிக்கும் 'டி' வருகிறது. ரோமன் எழுத்துகளில் முன்னது D, பின்னது T. எழுத்தே இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால், வழியில் பல ஊர்களில் நின்று மெதுவாகப் போகும் சாதாரண வண்டி.

பழைய வண்டிகளில் கடைசிப்படி வகுப்பின் பெயர் 'யிங்சுவோ'. கெட்டி இருக்கை என்று பொருள். ஒரு காலத்தில் மரப்பலகையாக இருந்ததால் வந்த பெயர். இப்போது பஞ்சு வைத்துத் தைத்திருந்தாலும் பெயர் மாறவில்லை, செங்குத்தாக நிற்கும் சாய்மானமும் மாறவில்லை. நடைவழியின் ஒரு பக்கம் மூவர், மறுபக்கம் இருவர் என்ற கணக்கில், குளிர்சாதன வசதி கொண்ட வழக்கமான பெட்டி ஒன்றில் 118 இருக்கைகள். நம்மூர் அன்ரிசர்வ்டு பெட்டியை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே ஒவ்வொரு இருக்கைக்கும் எண் உண்டு, அந்த எண் ஒருவருடைய அடையாள அட்டையோடு கட்டப்பட்டது. அப்படியானால் கூட்டம் எங்கிருந்து வருகிறது? 'வூசுவோ' என்ற இன்னொரு சீட்டிலிருந்து வருகிறது. இருக்கை இல்லை என்று குறிப்பிட்டே தருகிற சீட்டு அது. வாங்கியவர் நின்றுகொண்டு போகலாம், காலியான இடத்தில் உரியவர் வரும்வரை உட்காரலாம். விலை மட்டும் உட்கார்ந்து போகிறவருக்கு என்னவோ அதேதான். இருபது மணி நேரம் நிற்கிற மனிதரிடம் உட்கார்ந்தவரின் கட்டணத்தையே வாங்குவது நியாயமில்லை. இது சரியா என்ற கேள்வியைச் சீனாவிலேயே ஆண்டுக்காண்டு மக்கள் எழுப்புகிறார்கள்.

பெய்ஜிங்கிலிருந்து குவாங்சோ வரை தோராயமாக 2,300 கிலோமீட்டர். அதிவேகத் தடம் 2012 டிசம்பரில் முழுமையாகத் திறந்தபோது பயண நேரம் எட்டு மணியாகச் சுருங்கியது. இரண்டாம் வகுப்புக் கட்டணம் அப்போது 865 யுவான். ஒரு யுவான் ஏறக்குறைய 12 ரூபாய் என்றால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். பழைய ரயிலில் அதே தூரத்துக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும், கெட்டி இருக்கைக்குச் சுமார் 250 யுவான். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சாதாரண ரயில்களின் அடிப்படைக் கட்டணத்தை 1995இல் கிலோமீட்டருக்கு ஆறு ஃபென்னுக்கும் குறைவாக நிர்ணயித்தார்கள். நூறு ஃபென் சேர்ந்தால் ஒரு யுவான். அதன் பிறகு சம்பளம் ஏறியது, அரிசி விலை ஏறியது, வீட்டு வாடகை எங்கேயோ போய்விட்டது. அந்த அடிப்படைக் கட்டணம் அசையவில்லை. கூட்டம் ஏன் வருகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

கூட்டத்தின் உச்சம் வசந்த விழாக் காலம், அதாவது சீனப் புத்தாண்டு. விழாவுக்கு முன் 15 நாள், பின் 25 நாள், ஆக 40 நாட்களை 'சுன்யுன்' என்று தனிப் பருவமாகவே அரசு கணக்கு வைக்கிறது. 2024ஆம் ஆண்டின் சுன்யுனில் ரயிலில் மட்டும் சுமார் 48 கோடிப் பயணங்கள் நடந்தன. சொந்த ஊரை விட்டு வேறிடத்தில் உழைக்கும் தொழிலாளர்கள் அந்நாட்டில் பல கோடிப் பேர். குடும்பப் பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில்தான் பிள்ளைகளின் படிப்பு எளிது என்பதால், தாய் தந்தை தொழிற்சாலை நகரத்தில், பிள்ளை பாட்டியோடு கிராமத்தில் என்று பிரிந்து வாழும் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு ஆண்டில் ஒரே ஒரு முறை வீடு. அந்த ஒரு முறைக்கு ஒரே ஒரு ரயில்.

லிக்சின் ஃபான் என்ற இயக்குநர் இந்த வாழ்க்கையை 2009இல் 'லாஸ்ட் ட்ரெயின் ஹோம்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். குவாங்சோவில் தையல் வேலை செய்யும் ஒரு தம்பதி, சிச்சுவான் கிராமத்தில் விட்டு வந்த பிள்ளைகளைப் பார்க்க ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஊர் போவதுதான் கதை. படத்தில் 2008ஆம் ஆண்டுக் காட்சிகளும் வருகின்றன. அந்த ஜனவரியில் தென்சீனத்தில் யாரும் எதிர்பாராத பனியும் உறைமழையும் கொட்டின. ஹுனான் மாகாணத்தில் மின்கம்பிகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் அறுந்தன. பெய்ஜிங் - குவாங்சோ பாதையில் மின்சார எஞ்சின்கள் நின்றுபோயின. குவாங்சோ ரயில் நிலையத்துக்கு வெளியே லட்சக்கணக்கானவர்கள் மழையிலும் குளிரிலும் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். அப்போதைய பிரதமர் வென் ஜியாபாவ் சாங்ஷா நிலையத்துக்கு நேரில் போய், கையில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டார். குவாங்சோவின் நெரிசலில் ஓர் இளம்பெண் மிதிபட்டு இறந்தார். ஊருக்குப் போக ஒரு சீட்டு என்பது அந்த நாட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த இரண்டு வாரங்களில் உலகம் பார்த்தது.

சீட்டு வாங்குவது அப்போதெல்லாம் தனிப் போராட்டம். கடுங்குளிரில் இரவெல்லாம் வரிசையில் நின்றாலும் கவுன்டர் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பதுக்கி விற்கும் தரகர்களுக்கு 'மஞ்சள் மாடு' என்று பட்டப்பெயர். 2011இல் இணையவழி விற்பனை பரவியது. 2012 ஜனவரி முதல் எல்லா ரயிலுக்கும் பெயர், அடையாள எண் கட்டாயம் என்றானது. வெளிநாட்டவருக்குப் பாஸ்போர்ட் எண். அதனால் பாஸ்போர்ட் இல்லாமல் நிலையத்துக்குள்ளேயே நுழைய முடியாது. வழக்கமாகப் பயணத்துக்கு 15 நாள் முன்பு விற்பனை திறக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டு, படுக்கை வசதி கிடைக்காமல், கடைசியில் மிச்சமிருப்பதை வாங்கும் வெளிநாட்டுப் பயணிதான் பெரும்பாலும் கெட்டி இருக்கைக்கு வந்து சேர்கிறார். அவருக்கு இது ஒரு இரவு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இருபதாவது ஆண்டாக இருக்கலாம். அந்த இருபது ஆண்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கவனித்தாலே போதும். தாக்குப்பிடிக்கும் வித்தை முழுவதும் அவரிடம் இருக்கிறது.

முதலில், இருக்கை எண். 118 இருக்கைப் பெட்டியில் 0, 4, 5, 9 என்று முடியும் எண்கள் ஜன்னலோரம். பகலில் ஜன்னல் வேடிக்கைக்கு, இரவில் தலை சாய்க்க. சிறு மேசையும் அந்தப் பக்கம்தான் இருப்பதால், கையை மடித்து வைத்துக் கவிழ்ந்து தூங்கவும் ஜன்னலோரக்காரருக்கே வாய்ப்பு அதிகம். நடைவழி ஓரக்காரருக்கு எழுந்து நடக்கும் சுதந்திரம் உண்டு. ஆனால் இரவு முழுவதும் யாராவது அவர் தோளில் சாய்ந்துகொண்டிருப்பார்கள். நடுவில் மாட்டியவருக்கு இரண்டும் இல்லை.

நின்று போகிறவர்களின் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. கையில் 'மாஜா' என்ற மடக்கு முக்காலி இருக்கும். இல்லாவிட்டால் முன்பு சொன்ன பெயின்ட் வாளி. கட்டட வேலை செய்கிறவர்கள் காலியான வாளியைக் கழுவி, அதற்குள் துணிமணியும் பண்டமும் போட்டு மூடி எடுத்து வருவார்கள். வழியில் அது நாற்காலி, ஊரில் தண்ணீர் வாளி. இடம் பிடிக்க அவர்கள் ஓடுவது பெட்டியின் கடைக்கோடிக்கு. கைகழுவும் தொட்டி இருக்கும் மூலையில் சாய ஒரு சுவர் கிடைக்கும், தள்ளுவண்டி மோதாது. பெட்டிகள் இணையும் இடத்தில் காற்று வரும், கூடவே சிகரெட் புகையும் வரும். 2018இல் ஒரு மாணவி தொடுத்த வழக்கில், பெய்ஜிங் ரயில்வே நீதிமன்றம் குறிப்பிட்ட ஒரு ரயிலில் புகைபிடிக்கும் இடத்தையே அகற்றச் சொன்னது. ஆனாலும் பழைய வண்டிகள் பலவற்றில் அந்த மூலை இன்னும் புகைக்கிறவர்களுடையதுதான்.

எந்தப் பெட்டியில் கூட்டம் பிதுங்கினாலும் ஒரு வசதி குறையாது. அது வெந்நீர். ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் கொதிகலன் உண்டு. குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்க இலவசமாக வரும். சீனர்களின் நெடும்பயணச் சாப்பாடு முழுவதும் இந்தக் குழாயை நம்பித்தான் இருக்கிறது. கிண்ண நூடுல்ஸின் மூடியைப் பாதி கிழித்து, மசாலாவைக் கொட்டி, வெந்நீர் பிடித்து, உள்ளே வரும் பிளாஸ்டிக் முள்கரண்டியாலேயே மூடியைக் குத்தி இறுக்கி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கூட்டத்தைக் கடந்து ஒரு துளி சிந்தாமல் வருவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். 1992இல் சந்தைக்கு வந்த 'காங் ஷி ஃபூ' மாட்டிறைச்சி நூடுல்ஸின் வாசனைதான் ஒரு தலைமுறைக்கே ரயிலின் வாசனை. 2013இல் சீனாவில் சுமார் 4,600 கோடிப் பொட்டலம் உடனடி நூடுல்ஸ் விற்றது. 2016இல் அது 3,850 கோடியாக இறங்கியது. வீடு தேடி வரும் உணவு ஒரு காரணம் என்றார்கள். எட்டு மணி நேரத்தில் ஊர் சேர்கிறவருக்கு ரயிலில் நூடுல்ஸ் தேவைப்படவில்லை என்பது இன்னொரு காரணம்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கிண்ணத்தை நம்பிப் போகக் கூடாது. காளான் படம் போட்ட கிண்ணத்திலும் கோழிச்சாறு இருக்கலாம். ரொட்டி, வாழைப்பழம், வறுகடலை, கொதிநீரில் கரையும் ஓட்ஸ் இவற்றைக் கையோடு எடுத்துப் போவதே நல்லது. தள்ளுவண்டியில் சோற்றுப் பொட்டலமும் வரும். முதல் சுற்றில் கொடுக்கிற விலையை மூன்றாம் சுற்றில் கொடுக்க வேண்டியதில்லை என்பது பழகிய பயணிகள் எல்லோரும் அறிந்த கணக்கு.

குடிக்கிற தண்ணீருக்கும் ஒரு கணக்கு உண்டு. அது கழிவறையை வைத்துப் போடுகிற கணக்கு. பழைய பெட்டிகளில் கழிவு நேராகத் தண்டவாளத்தில் விழும் என்பதால், ஊர் நெருங்கும்போதே ஊழியர் கதவைப் பூட்டிவிடுவார். ரயில் புறப்பட்டு ஊர் தாண்டிய பிறகுதான் திறக்கும். அதற்குள் வரிசை நீண்டிருக்கும். சுன்யுன் நாட்களில் கழிவறைக்குள்ளேயே நாலு பேர் நின்று பயணம் செய்த காலமும் இருந்தது. பெரியவர்களுக்கான டயப்பர்கள் விழாக் காலத்தில் அதிகம் விற்கின்றன என்று 2006 வாக்கில் பத்திரிகைகள் எழுதின. படிக்கிறவருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். இருபத்தைந்து மணி நேரம் நகர முடியாமல் நிற்கும் ஒரு பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால் அதில் வேடிக்கை எதுவும் இல்லை. தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவதும் தீர்வாகாது. வறண்ட உடம்போடு மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால், காலின் உட்சிரைகளில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து செல்லும் எந்தப் பயணத்திலும் இந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்றது. விமானம், ரயில், பேருந்து, கார் எல்லாமே இதில் அடங்கும். மொத்தத்தில் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு வருவது என்பதால் பயப்பட வேண்டியதில்லை. மணிக்கு ஒரு முறை குதிகாலைத் தூக்கி இறக்குவது, கெண்டைச்சதையை அழுத்திவிடுவது, பெரிய நிலையங்களில் வண்டி நிற்கும்போது பிளாட்பாரத்தில் இறங்கிப் பத்தடி நடப்பது போதும். சீனப் பெரியவர்கள் சிலர் பிளாட்பாரத்தில் இறங்கியதும் கையை வீசி, தொடையைத் தட்டி உடற்பயிற்சி செய்வதற்குப் பின்னால் வாழ்நாள் அனுபவம் இருக்கிறது.

இரவுதான் கடினம். படுக்கை வகுப்பில் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். கெட்டி இருக்கையில் திருட்டுக்கும் கூட்டத்துக்கும் அஞ்சி வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்கும். கண்ணை மறைக்கும் துணி, காதடைப்பான், கழுத்துக்குக் காற்றுத் தலையணை இவை இல்லாமல் ஏறுவது வீண் துன்பம். சார்ஜ் செய்யும் இடங்கள் குறைவு என்பதால் பவர் பேங்க் வேண்டும். பாஸ்போர்ட்டும் பணமும் உடம்போடு இருக்க வேண்டும். பையை நேர் தலைக்கு மேலே வைப்பதைவிட எதிர்ப்பக்கத் தட்டில், கண்ணில் படும்படி வைப்பது நல்லது.

தப்பிக்க ஒரு வழியும் உண்டு. அதை அறிந்த வெளிநாட்டவர் குறைவு. ரயிலின் நடுப்பகுதியில், உணவுப் பெட்டியை ஒட்டி, கூடுதல் சீட்டு கொடுக்கும் சிறு மேசை ஒன்று இருக்கும். வண்டி புறப்பட்டவுடன் அங்கே போய் 'பூபியாவ்' என்று சொல்லிப் பெயர் கொடுத்தால், படுக்கை காலியாகும்போது வித்தியாசப் பணத்தைக் கட்டி மாறிக்கொள்ளலாம். படுக்கைப் பெட்டியில் ஆறு பேருக்குத் திறந்த அறை, மூன்றடுக்கு, பெட்டிக்கு 66 படுக்கை. கெட்டி இருக்கையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தவருக்கு அந்த மூன்றாம் அடுக்கு மாளிகை. படுக்கையும் கிடைக்காவிட்டால், சில வண்டிகளில் சாப்பாட்டு நேரம் முடிந்தபின் உணவுப் பெட்டி மேசைகளை இரவுக்கென்று கட்டணம் வாங்கித் தருவார்கள்.

மாற வழி இருந்தும் மாறாமல் அங்கேயே இருக்கும் பயணிகளும் உண்டு. காரணம், எதிரே உட்கார்ந்தவர்கள். முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு ஒருவர் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் கொட்டுவார். அதுதான் தொடக்கம். மேசையின் துருப்பிடிக்காத தட்டு தோலால் நிறையும். எந்த நாடு, என்ன சம்பளம், கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை என்று நம் கிராமத்து ரயிலில் கேட்கிற அதே வரிசையில் கேள்விகள் வரும். மொழி தெரியாவிட்டால் கைபேசியின் மொழிபெயர்ப்பு. மூவர் ஆடும் 'தோதிசூ' சீட்டாட்டத்தில் வெளிநாட்டவரையும் சேர்த்துக்கொள்வார்கள். 'நிலக்கிழாரோடு சண்டை' என்பது அந்தப் பெயரின் பொருள். யாரோ ஒரு பாட்டி உரித்த ஆரஞ்சை நீட்டுவார், மறுத்தால் கோபித்துக்கொள்வார். நின்று வருகிறவருக்கு ஒரு மணி நேரம் தன் இடத்தைக் கொடுத்துவிட்டுத் தான் எழுந்து நிற்கிறவர்களை ஒவ்வொரு பெட்டியிலும் பார்க்கலாம். இதை எந்த விதியும் சொல்லவில்லை.

இந்த முகங்களையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் வாங் ஃபூசுன். ஹார்பினைச் சேர்ந்த ரயில்வே ஊழியர். 1970களின் கடைசியிலிருந்து கேமராவோடு ரயில்களில் அலைந்து, தூங்குகிறவர்கள், சீட்டாடுகிறவர்கள், குழந்தைக்குப் பால் கொடுக்கிறவர்கள், கூட்டத்தின் நடுவே காதலிக்கிறவர்கள் என்று ஆயிரக்கணக்கில் படம் எடுத்தார். 'ரயிலில் சீனர்கள்' என்ற அவருடைய தொகுப்பு நாடறிந்தது. 2021இல் அவர் மறைந்தபோது, அந்தப் படங்களில் தங்கள் பெற்றோரின் இளமையைப் பார்த்ததாகப் பலர் எழுதினார்கள். அவர் படங்களில் பரிதாபம் இல்லை. கசங்கிய சட்டையோடு நிற்கும் மனிதரை, வீட்டில் இருப்பவரைப் போல இயல்பாகக் காட்டுகின்றன. கெட்டி இருக்கையைப் பற்றி எழுத்தில் வந்த எதையும்விட அவை நேர்மையானவை.

தொலைதூரத்தின் எல்லை லாசா ரயில். குவாங்சோவிலிருந்து திபெத்தின் லாசாவுக்கு ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். இரண்டு இரவும் மூன்று பகலும் தொடும் பயணம். அதிலும் கெட்டி இருக்கை உண்டு. 2006 ஜூலை 1இல் திறந்த கோல்முத் - லாசா பாதை தங்குலா கணவாயில் 5,072 மீட்டர் உயரத்தைக் கடக்கிறது. காற்று மெலிந்துவிடுவதால் பெட்டிக்குள் பிராணவாயு செலுத்துகிறார்கள். உட்கார்ந்தே போகிறவர்களுக்கு அங்கே தூக்கமின்மையோடு மலைத் தலைவலியும் சேரும். உடல் வலு உள்ளவர்களே யோசித்துத்தான் ஏற வேண்டும்.

அதிவேக ரயில் பெருகப் பெருக இந்த வண்டிகள் குறைகின்றன. ஆனால் சில தடங்களை மட்டும் லாப நட்டம் பாராமல் ஓட்டுகிறார்கள். சிச்சுவானின் லியாங்ஷான் மலைகளில் புசியோங்குக்கும் பன்சிஹுவாவுக்கும் இடையே 350 கி.மீ.க்கு மேல் ஓடும் 5633ஆம் எண் வண்டி அதில் ஒன்று. 1970இல் திறந்த செங்டூ - குன்மிங் பாதையில் யீ இன மக்களின் கிராமங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகிறது. குறைந்தபட்சக் கட்டணம் 2 யுவான். இருக்கைகளைக் கழற்றி ஆடு, பன்றி, மூட்டைகளுக்கு இடம் விட்ட பெட்டியும் அதில் உண்டு. சந்தை நாளில் கீரைக்கட்டும் வாத்துக் கூடையும் ஏறும். காலை வண்டியில் புத்தகப்பையோடு பிள்ளைகள் ஏறி, மேசை மீது நோட்டைப் பிரித்து வைத்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். அவர்கள் இறங்கும் ஊரில் அதிவேக ரயில் நிற்பதில்லை.